தில்லையம்மாள் கடையில் வாங்கிய திரி

ஆரோக்கிய அனிதா கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவாள். மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டினால் போதாது, தானே விரலை விட்டுப் பார்க்க வேண்டும். கடலூர் முதுநகரில் அவள் தெருவுக்குள் பாத்திர வண்டி வந்தால், "மொதல்ல அனிதாகிட்ட பாஸ் பண்ணிட்டு வாப்பா" என்று மற்ற பெண்கள் சிரிப்பார்கள். சிரிப்பதெல்லாம் சரி. அவளைக் கேட்காமல் ஒருத்தியும் குக்கர் வாங்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் புனித அன்னம்மாள் அன்பியத்தின் பொறுப்பு இருந்தது. அன்பியம் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. சர்ச்சுக்கு உட்பட்ட பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகளை ஒரு குழுவாகச் சேர்த்திருப்பார்கள். வாரம் ஒருத்தர் வீட்டில் கூடி, பைபிள் வாசித்து, மன்றாட்டு சொல்லி, கடைசியில் சுண்டலோ கேசரியோ தின்றுவிட்டுக் கலைவார்கள். ஜெபத்தைவிடச் சுண்டல் நேரம் கொஞ்சம் நீளும். திரி மெஷின் பேச்சு அந்தச் சுண்டல் நேரத்தில்தான் கிளம்பியது.

கிளப்பியவள் ரீட்டா. நல்லவள். யாரையும் ஏமாற்றத் தெரியாது, அதனாலேயே எல்லாரையும் நம்புகிறவள். போனில் வந்த விளம்பரத்தை எல்லாருக்கும் காட்டிக்கொண்டே சொன்னாள்.

"வீட்டுலயே ஒக்காந்து செய்ற வேலைக்கா. முப்பத்தஞ்சாயிரம் கட்டுனா வெளக்குத் திரி செய்ற மெஷின் குடுப்பாங்க. பஞ்சும் அவுங்களே குடுப்பாங்க. நாம திரிச்சிக் குடுக்குறத அவுங்களே கிலோ கணக்குல வாங்கிக்குவாங்க. மாசம் பத்து பன்னெண்டு நிச்சயம்னு அக்ரிமெண்டு போட்டுத் தராங்க. ஆபீஸ் சிதம்பரத்துல இருக்குது. கோயில் ஊருல திரிக்கா பஞ்சம்?"

அனிதாவோடு சேர்த்துப் பதினோரு பேர் கை தூக்கினார்கள். தூக்காமல் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு வீடு ஒரு ஓட்டை இருந்தது. அனிதாவின் கணவர் லூர்து பிரகாஷுக்குத் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் வாரத்தில் நாலு நாள்தான் வேலை. மகளுக்குக் காலேஜ் கடைசி வருஷம். மாசம் பத்தாயிரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கே நெஞ்சுக்குள் ஒரு காற்றாடி சுற்றியது.

ஒரு வாரத்தில் பணம் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் குழுக் கடன், மீதிப் பேர் சங்கிலி அடகு. அனிதாவின் சங்கிலியும் பேங்குக்குப் போய்விட்டது. எல்லாம் ரீட்டாவின் கணக்கில் கிடந்தது. ஆனால் ஒரு கண்டிஷன். அனிதா நேரில் போய்ப் பார்த்துவிட்டுச் சரி என்று சொன்னால்தான் கட்டுவார்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்.

"பதினோரு வீட்டுச் சாப்பாடு ஒன் ஒருத்தி வாயில இருக்குது" என்றார் பிரகாஷ், அவளைப் பஸ் ஏற்றிவிடும்போது. "நல்லா பாத்துட்டுச் சொல்லு."

அந்த ஒரு வார்த்தைக்காகவே சிதம்பரம் போய்ச் சேருகிற வரைக்கும் அவள் நோட்டில் கேள்வி எழுதிக்கொண்டே போனாள்.

'ஒளிமயம் ஹோம் புராடக்ட்ஸ்' ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியேறும்போதே அனிதா கைப்பையிலிருந்து நோட்டை எடுத்துவிட்டாள். அதில் அவள் எழுதி வைத்திருந்த கேள்விகள் இருபத்திரண்டு. வரதட்சணை கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டாரைக்கூட யாரும் அப்படிக் குடைந்திருக்க மாட்டார்கள்.

மேனேஜர் ஸ்ரீதர் முகம் சுளிக்கவே இல்லை. முப்பது வயது இருக்கும், நெற்றியில் விபூதி, இஸ்திரி கலையாத சட்டை. ஜி.எஸ்.டி. சான்றிதழைச் சுவரிலிருந்து கழற்றியே கையில் கொடுத்தான். நம்பரைத் தன் போனில் தட்டிப் பார்த்தாள், இருந்தது. கட்டிட வாடகை ஒப்பந்தம் கேட்டாள், காட்டினான். பத்திரத்தில் அடித்த அக்ரிமெண்டை வரி வரியாக வாசித்தாள். மாசாமாசம் திரியை வாங்கிக்கொள்வதாகத் தெளிவாகப் போட்டிருந்தது. 'தரத்துக்கு உட்பட்டு' என்று நடுவில் ஒரு சொல் இருந்தது. அது நியாயம்தானே, அழுகின மீனை யார் வாங்குவார்கள் என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விட்டாள்.

சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்துத் திரியை எண்ணிப் பார்த்தாள். நீளம் அளந்தாள். வெள்ளை வெளேரென்று, ஒன்று போல ஒன்று, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. இழுத்துப் பார்த்தாள், அறுந்து போகவில்லை. இருபத்திரண்டு கேள்வியும் தீர்ந்தது.

"அவசரமே இல்ல மேடம், நல்லா யோசிச்சிட்டுச் செய்ங்க" என்றான் ஸ்ரீதர் காபியை நீட்டிக்கொண்டே. "ஆனா பழைய ரேட்டு இன்னிக்கி வரைக்கும்தான். ஏழு மணிக்கு சிஸ்டம் க்ளோஸ் பண்ணிடுவோம். நாளையிலேருந்து நாப்பத்தஞ்சு." அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே முதுகில் கை வைத்துத் தள்ளுகிற வித்தை அவனுக்குக் கைவந்திருந்தது.

பிறகு அவன் போட்டானே ஒரு போடு, அதில்தான் அனிதா விழுந்தாள். "என் பேச்ச நம்பாதீங்க மேடம். ஓமக்குளம் பக்கம் நம்ம மெம்பர் தில்லையம்மாள்னு இருக்காங்க. அஞ்சு மாசமா செய்றாங்க. நேரா அவுங்க வீட்டுக்கே போயி, நான் இல்லாத எடத்துல கேளுங்க."

திருடன் எவனாவது இப்படிச் சொல்வானா? படியிறங்கும்போதே ரீட்டாவுக்குப் போன் போட்டுவிட்டாள். "எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஒரே ஒருத்தர மட்டும் பாத்துட்டு ஆறரைக்குள்ள சொல்றேன். ரெடியா இரு."

"கையில போன வெச்சிக்கிட்டுத்தாங்கா ஒக்காந்திருக்கேன்" என்றாள் ரீட்டா. பின்னால் நாலைந்து பெண்களின் சத்தம் கேட்டது. எல்லாரும் அவள் வீட்டிலேயே கூடியிருந்தார்கள்.

தில்லையம்மாள் வீட்டைத் தேட வேண்டியதே இல்லை. மெஷின் ஓடுகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. ஒற்றை அறை, ஓட்டு வீடு. ஐம்பது வயதுக்காரி, ஒல்லி உடம்பு, வாசலில் நின்று வரவேற்றாள். நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"மாசம் பன்னெண்டாயிரம் வருதும்மா" என்றாள், அனிதா கேட்பதற்கு முன்னாலேயே. "காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம். வீட்டு வேலையும் பாத்துக்கலாம். பணம் அஞ்சாந் தேதி டான்னு வந்துடும். நம்பி சேரலாம்மா."

பள்ளிக்கூடப் பிள்ளை மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற மாதிரி ஒரே மூச்சில் சொன்னாள். அனிதாவுக்கு அது உறைக்கத்தான் செய்தது. அந்த அம்மாள் காதில் தோடு இல்லை, துளை தூர்ந்து போகாமல் இருக்க விளக்குமாற்று ஈர்க்குச்சி செருகியிருந்தது. அதையும் பார்த்தாள். ஆனால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் கண் பார்ப்பதற்கெல்லாம் அதுவே சமாதானம் சொல்லிவிடும். கூச்சப்பட்டு வேகமாகப் பேசுகிறாள், தோட்டைப் பாலிஷுக்குக் கொடுத்திருப்பாள் என்று அனிதா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாமாக ஏமாறுவதென்று முடிவெடுத்துவிட்டால் ஸ்ரீதர்கள் பாடு சுலபம்.

"ரொம்ப நன்றிக்கா. நாங்க பதினோரு பேரு. எல்லாரும் பொம்பளைங்க. நீங்க சொல்றத வெச்சித்தான் இன்னிக்கே கட்டப் போறோம்" என்று சொல்லிக்கொண்டே அனிதா போனை எடுத்தாள்.

பதினோரு பேர் என்றதும் தில்லையம்மாள் முகம் ஒரு மாதிரி ஆனது. மெஷினை நிறுத்தினாள். "இரும்மா, வெளக்கு வெச்சிடுறேன்" என்று எழுந்து போனாள்.

வெளியில் பொழுது சாய்ந்திருந்தது. மூலையில் சின்ன மாடம், அதில் நடராஜர் படம், ஒரு பித்தளை விளக்கு. தில்லையம்மாள் எண்ணெய் ஊற்றினாள். மாடத்துக்குப் பின்னாலிருந்து கடையில் வாங்கிய ஒரு சின்னத் திரிப் பாக்கெட்டை எடுத்து, ஒரு திரியை உருவி விளக்கில் போட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் அவளே செய்த திரிகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

அனிதா குதர்க்கமாக ஒன்றும் கேட்கவில்லை. அவள் வீட்டில் மாதா சுரூபத்துக்கு முன்னால் மெழுகுவத்திதான். மாதா கோயில் திருவிழாவில் குத்துவிளக்கு ஏற்றுவார்கள், அதற்குத் திரி போட்டு வைப்பது உபதேசியார் வேலை. திரியை எண்ணெயில் போட்டு அவள் தன் கையால் ஏற்றியதே இல்லை. இவர்களுக்கு ஏதோ சாஸ்திரம் இருக்கும்போல என்று நினைத்துத்தான் கேட்டாள்.

"ஏங்க்கா, இவ்ளோ திரி கெடக்குது. நீங்க ஏன் கடையில காசு குடுத்து வாங்குன திரியப் போடுறீங்க? நாம செய்றத நாம ஏத்தக் கூடாதா?"

கிழித்த தீக்குச்சி தில்லையம்மாள் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது. விரலைச் சுட்ட பிறகுதான் விளக்கில் வைத்தாள். சுடர் எழும்பி நின்றது. கும்பிட்டாள். திரும்பவே இல்லை.

"வெளக்கு வெச்சாச்சி" என்றாள் சுவரைப் பார்த்தபடி. "இப்ப எப்படிம்மா நான் பொய் சொல்லுவேன்?"

அனிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

தில்லையம்மாள் மூட்டையில் கை விட்டு ஒரு பிடி திரியை அள்ளினாள். பழைய அகல் ஒன்றை எடுத்து, எண்ணெய் ஊற்றி, அதில் ஒன்றைப் போட்டு ஏற்றினாள். திரி எரியவில்லை. சடசடவென்று பொரிந்தது, நுனி சுருண்டு கறுப்பு உருண்டையாகக் கட்டியது, கரும்புகை கிளம்பியது. பிளாஸ்டிக் வாளி கருகுகிற நாற்றம் அறை முழுக்கப் பரவியது. அப்புறம் அணைந்து போனது.

"அவன் குடுக்குற பஞ்சு இது. பேருதான் பஞ்சு, பாதிக்கு மேல நைலான் கழிவு. எண்ணெயக் குடிக்காது. இத எந்தக் கோயில்ல வாங்குவான்? எந்தக் கடையில வாங்குவான்? மொத மாசம் வாங்கிட்டுப் பணம் குடுத்தான். ரெண்டாம் மாசம் பாதி. மூணாவது மாசத்துலேருந்து தரம் சரியில்லன்னு மூட்டையோட திருப்பி அனுப்பிட்டான். அவன் விக்கிறது திரி இல்லம்மா. மெஷினு."

இருபத்திரண்டு கேள்வி கேட்டவள் அணைந்த திரியைக் குனிந்து பார்த்தாள். ஆபீசில் எண்ணினாள், அளந்தாள், இழுத்தாள். ஒரே ஒரு தீக்குச்சி கிழிக்கத் தோன்றவில்லை. விளக்கேற்றுகிற வீட்டுப் பெண்ணாக இருந்தால் முதல் வேலையாக அதைத்தான் செய்திருப்பாள்.

"அப்ப ஏங்க்கா பன்னெண்டாயிரம் வருதுன்னு சொன்னீங்க?" என்றாள் கடைசியில்.

"கட்டுன பணத்தத் திருப்பிக் கேட்டேன். நாலு பேரச் சேத்து விட்டா தரேன்னான். ஆளு அனுப்பும்போது போன் பண்ணுவான், நான் மெஷின ஓட விட்டுக்கிட்டு நிக்கணும். மூணு பேரு என் வார்த்தைய நம்பி சேந்துட்டாங்க. ஒருத்தி புவனகிரியிலேருந்து கைக்கொழந்தையோட வந்தா." தில்லையம்மாள் ஈர்க்குச்சியைத் தொட்டுக்கொண்டாள். "நீ நாலாவது ஆளு. நீ சேந்தா நாளைக்கி என் தோடு திரும்பிடும்னு இருந்தேன். நீ பதினோரு பேருங்கிற. போ தாயி, போயிடு. கட்டாத."

அந்த நேரத்தில் போன் அடித்தது. ரீட்டா. "அக்கா, மணி ஆறே கால். அந்த ஆபீஸ்லேருந்து ரெண்டு வாட்டி கூப்ட்டாங்க. அனுப்பிடட்டுமா? விரல் பட்டன் மேலதான் இருக்குது."

"அனுப்பாத!" என்று அனிதா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "ஒரு ரூவா கூட அனுப்பாத ரீட்டா. விரல எடு. போன கீழ வை. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க. நான் வந்து சொல்றேன்."

போனை வைத்தாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அந்தப் போனில் என்ன சொல்லப் போனோம் என்று நினைத்துப் பார்த்தாள். எழுந்து போய்த் தில்லையம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். தீக்குச்சி சுட்ட விரல் சிவந்திருந்தது. இரண்டு பேருமே அழுதார்கள். எவ்வளவோ சாமர்த்தியமாகப் பேசுகிற அனிதா "நல்லா இருப்பீங்கக்கா, நல்லா இருப்பீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அன்பியத்தில் முதலில் அவளுக்கு வசவுதான் கிடைத்தது. வந்த வாய்ப்பைக் கெடுத்துவிட்டாள், இவளுக்கு எதிலும் சந்தேகம் என்று ரீட்டாவே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அனிதா ஒரு அகலை நடுவில் வைத்து, தில்லையம்மாள் கொடுத்தனுப்பிய திரியைப் போட்டு ஏற்றினாள். பொரிந்து, சுருண்டு, புகைந்தது. பதினோரு பேரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நாற்றம் போகிற வரை ஜெபம் தொடங்க முடியவில்லை.

பிறகு உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அனிதா சொன்னாள். ஈர்க்குச்சியைச் சொன்னாள், நாலாவது ஆள் கணக்கைச் சொன்னாள். ரீட்டா தன் கழுத்துச் சங்கிலியைத் தடவிக்கொண்டே இருந்தாள். வட்டி ஓடுமே என்று காலையில்தான் பேங்கிலிருந்து மீட்டு வந்திருந்தாள்.

மன்றாட்டு நேரம் வந்தது. "அந்தம்மா பேரு என்னாக்கா சொன்ன?" என்று ரீட்டா கேட்டாள்.

"தில்லையம்மாள்."

"சிதம்பரம் தில்லையம்மாளுக்காக மன்றாடுவோம்" என்றாள் ரீட்டா. அன்னம்மாள் அன்பியத்தில் அந்தப் பெயர் அதுவரை ஒலித்ததில்லை. "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் சொன்னார்கள். அன்றைக்குச் சுண்டலை யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை.

"ஜெபம் சொல்லிட்டோம், சரி" என்றாள் அனிதா கடைசியில். "தோடு?"

அடுத்த திங்கள்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். அன்றைக்குப் போய் மனு கொடுப்பதென்று முடிவானது. தில்லையம்மாள் வரப் பயந்தாள். "நானும் பொய் சொன்னவதானேம்மா, என்னையும் புடிச்சி உள்ள வெச்சிடுவாங்க" என்று போனில் அழுதாள். பயந்தவள் அதோடு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. தான் சேர்த்துவிட்ட மூன்று பேர் வீட்டுக்கும் தானே நடந்து போய் உண்மையைச் சொல்லியிருந்தாள். ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தி வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மனு கொடுக்க நானும் வருகிறேன் என்றாள். புவனகிரிக்காரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே கிளம்பி வந்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அவர்கள் மூன்று பேரும் இறங்கியபோது பதினோரு பெண்கள் காத்திருந்தார்கள். ஞாயிறு பூசைக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்தார்கள். தில்லையம்மாள் மிரண்டு போய் நின்றாள். ரீட்டா முன்னால் வந்து, அந்த அம்மாள் கையிலிருந்த மஞ்சள் பையை வாங்கிக்கொண்டாள். உள்ளே அக்ரிமெண்டும் ஒரு பிடி திரியும் இருந்தன.

மனு எழுதுகிற மேஜையில் இருந்தவர் அன்றைக்கு ஏற்கெனவே நூறு பேரைப் பார்த்துக் களைத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார், ஒரு படையே நின்றது.

"பாதிக்கப்பட்டவங்க எத்தினி பேரு?"

"மூணு பேரு சார்" என்றாள் அனிதா.

"மத்தவங்கல்லாம்? உங்களுக்கு எவ்வளவு போச்சு?"

"எங்களுக்கு ஒண்ணும் போகல சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணும் போகாதவங்க பதினோரு பேரு வேல வெட்டிய விட்டுட்டு இங்க எதுக்கும்மா வந்தீங்க?"

அனிதா திரும்பித் தில்லையம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் தலையைக் குனிந்து ஈர்க்குச்சியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குப் போகாததுக்கு இவுங்கதான் சார் காரணம்" என்றாள். "எங்க பதினோரு பேரு சங்கிலியும் கழுத்துல இருக்குது. இவுங்க காதப் பாருங்க. அதுக்குத்தான் வந்தோம்."

அவர் பார்த்தார். பிறகு மனுவைத் தன் பக்கம் இழுத்து, கீழே நிறைய இடம் விட்டு, "எல்லாரும் கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார்.

ரீட்டா முதலில் வாங்கினாள்.